போனை யார் முதலில் வைப்பது

திலீபன் தனியார் பஸ்ஸில் கண்டக்டராக இருந்த காலத்தில் அவன் குரலைப் பற்றி விருத்தாசலத்தில் பல கதைகள் உலவின. பேருந்து நிலையத்தில் நின்று "ஸ்ரீமுஷ்ணம், ஸ்ரீமுஷ்ணம், ஸ்ரீமுஷ்ணம்" என்று மூன்று முறை கூவினால், அந்தக் கோடியில் ஜங்ஷனில் நிற்கிற ரயில் கிளம்பிவிடும் என்பார்கள். நான் பொய் சொல்ல மாட்டேன். ரயில் கிளம்பியதில்லை. கார்டு மட்டும் பச்சைக் கொடியைத் தேடினார், அவ்வளவுதான்.

அந்தக் குரலை வைத்துக்கொண்டு அவன் ஒரு வங்கியின் வாடிக்கையாளர் சேவை மையத்தில் அப்ரண்டீஸாகப் போய் உட்கார்ந்தான் என்றால், அதற்குக் காரணம் அவன் முழங்கால். ஒரு மழை நாளில் படிக்கட்டு வழுக்கி ரோட்டில் விழுந்தான். புதுச்சேரியில் தகடு வைத்து முட்டியைச் சேர்த்துக் கொடுத்தார்கள். சேர்த்த டாக்டர், "நடக்கலாம், உக்காரலாம், ஓடுற பஸ்ஸுல மட்டும் நிக்கக் கூடாது" என்று சொல்லி அனுப்பினார். அந்த டாக்டர் இருக்கிற திசையைப் பார்த்து அவன் இன்றைக்கும் காலையில் ஒரு கும்பிடு போடுகிறான். ஆனால் நிற்க முடியாத கண்டக்டரை வைத்துக்கொண்டு எந்த முதலாளி என்ன செய்வார்? அம்மா பெரியநாயகி செராமிக் பட்டறையில் பொம்மைகளுக்குக் கண் வரைகிற வேலை பார்த்தாள். அவள் கூலியில் ஒரு வருடம் ஓடியது.

அப்போதுதான் வங்கியின் விளம்பரம் வந்தது. பட்டம் வாங்கியவர்களுக்கு ஒரு வருடம் பயிற்சி. தேறினால் வேலை நிரந்தரம். வயது வரம்பு இருபத்தெட்டு. திலீபனுக்கு இருபத்தெட்டு முடிய நாற்பது நாள் இருந்தது. பெட்டிக்கு அடியில் கிடந்த பி.ஏ. வரலாற்றுச் சான்றிதழை எடுத்துத் தூசி தட்டினான். உட்கார்ந்து செய்கிற வேலை, அதுவும் சொந்த ஊரிலேயே. இது தவறினால் இன்னொன்று வராது என்று அவனுக்கும் தெரியும், அவன் முட்டிக்கும் தெரியும்.

மையம் கடலூர் ரோட்டில், திருமால் என்பவருடைய பீங்கான் கிடங்குக்கு மேல்மாடியில் இருந்தது. சுற்று வட்டாரத்துக் கிளைகளின் வாடிக்கையாளர்கள் கூப்பிட்டால் அங்கேதான் மணி அடிக்கும். திலீபன் வாய் திறந்த முதல் நாளில் கீழே கிடங்கில் நாற்பது டீக் கோப்பைகள் தாமாகவே குப்புறப் படுத்துக்கொண்டன என்று திருமால் புகார் சொன்னார். நான் போய் எண்ணிப் பார்த்தேன். முப்பத்தெட்டுதான்.

பயிற்சியாளர்களுக்கு மேற்பார்வை சம்சாத் பேகம். அவள் கணவர் துபாயில் இருக்கிறார். இருபது வருடமாகப் போனிலேயே குடும்பம் நடத்திய அனுபவம் அவளுக்கு. அவனைத் தனியாகக் கூப்பிட்டு உட்கார வைத்தாள்.

"தம்பி, போனுக்கு அந்தப் பக்கம் ஒரே ஒரு காதுதான் இருக்குது. பஸ் ஸ்டாண்டு இல்ல."

"சரிங்கக்கா, சரிங்கக்கா, சரிங்கக்கா."

"ஒருவாட்டி சொன்னா போதும்."

"சரிங்கக்கா."

முதல் அழைப்பு பெண்ணாடத்திலிருந்து ஓர் அம்மாள். ஏ.டி.எம். கார்டு வேலை செய்யவில்லை. திலீபனுக்குத் திரையில் எதை அழுத்துவது என்று மறந்துபோயிற்று. முழு பஸ்ஸில் எண்பது பேரை அதட்டியவன் ஓர் அம்மாளிடம் வாயடைத்துப் போனான்.

"என்னாப்பா, புதுசா?" என்றாள் அந்த அம்மாள்.

"ஆமாங்கம்மா."

"பதறாத. தண்ணி குடிச்சிட்டு மெதுவாத் தேடு. நான் கொழம்பத் தாளிச்சிக்கிட்டே இருக்கேன்."

அவள் தாளித்து இறக்கி, ரசமும் வைத்து முடித்தாள். அதற்குள் அவன் சரியான பக்கத்தைக் கண்டுபிடித்துவிட்டான். யாரென்று முகம் தெரியாத ஒருத்தி தன் சமையல் நேரத்தைத் தனக்குக் கொடுத்தாள் என்று அன்று சாயங்காலம் அம்மாவிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனான். வேலை பிடிபட்டது. ஆறு மாதத்தில் கார்டு, பாஸ்புக், பென்ஷன், நகைக்கடன் என்று எதைக் கேட்டாலும் பதில் சொன்னான். ஜனங்களுக்கு அவனைப் பிடித்தது. ஒரே ஒரு தொல்லைதான் தீரவில்லை.

மையத்தில் ஒரு விதி இருந்தது. பேச்சு முடிந்ததும், "எங்கள் வங்கியைத் தொடர்பு கொண்டமைக்கு நன்றி, இந்த நாள் இனிய நாளாக அமையட்டும்" என்று சொல்ல வேண்டும். அப்புறம் வாடிக்கையாளர்தான் இணைப்பைத் துண்டிக்க வேண்டும். நாம் முதலில் வைத்தால் மரியாதைக் குறைவு. விதியை எழுதியவர் பட்டணத்துக்காரராக இருக்க வேண்டும். நம் பக்கத்து ஜனங்களுக்கும் அதே மரியாதைதான் ரத்தத்தில் ஊறியிருக்கிறது. பேசிக்கொண்டிருக்கும் ஒருவரின் முகத்துக்கு நேரே கதவைச் சாத்துகிற மாதிரி முதலில் போனை வைக்க அவர்களுக்கு மனசு வராது. ஆக இவன் அவர்களுக்காகக் காத்திருந்தான், அவர்கள் இவனுக்காகக் காத்திருந்தார்கள். நடுவில் கோழி கத்தும், குக்கர் விசிலடிக்கும். "இருக்கீங்களா?" என்று ஒரு குரல் வரும். "இருக்கேங்க" என்று இவன் சொல்லுவான். அப்புறம் மாடு கன்று போட்டது, மருமகள் கோபித்துக்கொண்டு போனது என்று பேச்சு புதிதாகத் துளிர்த்துவிடும். வேப்பூர்க்காரர் ஒருவர் இவனுடன் காத்திருந்த நேரத்தில் அவர் வீட்டில் ஒரு கல்யாணமே முடிந்தது என்று கேள்வி. நிச்சயதார்த்தம் மட்டும்தான் என்பாரும் உண்டு.

ஓர் அழைப்புக்கு ஐந்து நிமிடம் என்பது வங்கி வைத்த கணக்கு. திலீபனுக்கு சராசரி ஒன்பது. ஏற்கெனவே நிரந்தரமாகிவிட்ட மற்றவர்கள் எல்லாருக்கும் ஆறு, ஏழு. இவனிடம்தான் ஜனங்கள் அதிகமாக மரியாதை காட்டினார்கள். பத்தாவது மாதம் சென்னையிலிருந்து கடிதம் வந்தது: வருட முடிவுக்குள் ஐந்துக்கு வராவிட்டால் நிரந்தரம் கிடையாது.

"என்னா கண்டக்டரே, அடுத்த ஸ்டாப்புல எறங்கிடுவீங்களா?" என்றான் பக்கத்து இருக்கை அல்தாப். கேலிதான். ஆனால் டீ வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் கேலி செய்தான்.

அது நடந்தது மறுநாள் மத்தியானம். ஓர் ஐயா கரும்புப் பணம் வந்துவிட்டதா என்று கேட்டார், வந்துவிட்டது என்று தெரிந்துகொண்டார். திலீபன் நன்றி சொன்னான், நாள் இனியதாக அமையட்டும் என்றான். ஐயா வைக்கவில்லை. இவனும் வைக்கவில்லை. முட்டி வலித்தது. கண் சொருகியது. ஆறு வருடம் நாக்கில் குடியிருந்த ஒன்று அவனைக் கேட்காமல் வெளியே வந்தது.

"போலாம், ரைட்."

அந்தப் பக்கம் சிரிப்பு. பிறகு டக்கென்று இணைப்பு அறுந்தது.

திலீபன் சுற்றும் முற்றும் பார்த்தான். எல்லாம் பதிவாகிறது என்பது அவனுக்குத் தெரியும். அடுத்த அழைப்பும் அதே மாதிரி முடிவில் தொங்கி நின்றது. கடிகாரத்தைப் பார்த்தான். தொண்டையைக் கனைத்துக்கொண்டு, ஒரு காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "போலாம் ரைட்டுங்க" என்றான். "ஆங், ரைட்டு ரைட்டு" என்று சொல்லி அந்தப் பெண்மணி வைத்துவிட்டாள். பஸ்ஸில் போகிற யாருக்கும் அதற்கு விளக்கம் தேவையில்லை. அதைக் கேட்டால் வண்டி நகரும். யாரும் யாரையும் அவமதித்ததாக ஆகாது.

மூன்று வாரத்தில் அவன் சராசரி நாலரை. சம்சாத் பேகம் ஹெட்செட்டை வாங்கிக் கேட்டாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அப்புறம் முகத்தைக் கடுமையாக்கிக்கொண்டாள்.

"சென்னையில கேட்டா மார்க்கு சைபர் போடுவாங்க, தெரியுதா?"

"தெரியுதுங்கக்கா. சொல்லாட்டி ஒன்பது நிமிஷம். சொன்னா சைபரு. ரெண்டுத்துல எதுல எறங்கட்டும்?"

அவள் ஹெட்செட்டை அவன் கையில் திருப்பிக் கொடுத்தாள். தடுக்கவில்லை.

சைபர் வந்தது. அதோடு தலைமையகத்தின் புகார்ப் பட்டியலில் ஒரு வரியும் வந்தது: "ஸ்ரீமுஷ்ணம், ராஜாங்கம், ஓய்வுபெற்ற தபால்காரர். 'போலாம் ரைட்' தொடர்பாகப் புகார்." அவ்வளவுதான் இருந்தது. அதைக் கையில் எடுத்துக்கொண்டு தரக் கட்டுப்பாட்டு அதிகாரி பாலகிருஷ்ணன் சென்னையிலிருந்து நேரிலேயே வந்துவிட்டார். இஸ்திரி கலையாத சட்டை, சிரிக்காத முகம்.

"வங்கிக்குன்னு ஒரு கௌரவம் இருக்கு, மிஸ்டர் திலீபன். வாடிக்கையாளரே எழுதிப் புகார் கொடுத்திருக்கார்."

திலீபன் தலையைக் குனிந்துகொண்டான். சம்சாத் பேகம் எழுந்து நின்றாள்.

"சார், புகார் குடுத்தவர்கிட்ட பேசாம முடிவு எடுக்கக் கூடாதுன்னு விதியில இருக்குது. கூப்புட்டுப் பேசிடலாங்களா? தம்பியே பேசட்டும். மன்னிப்புக் கேக்கறதா இருந்தா நேராவே கேட்டுடட்டும்."

பாலகிருஷ்ணன் யோசித்துவிட்டுத் தலையசைத்தார். ஸ்பீக்கரில் போட்டார்கள். மூன்று முறை மணி அடித்ததும் ராஜாங்கம் எடுத்தார்.

"ஐயா, வணக்கமுங்க. பேங்குலேர்ந்து திலீபன் பேசறேன். நீங்க புகார் எழுதியிருந்தீங்களாம்."

"ஆமாம், எழுதனேன். மூணு பக்கம். படிச்சாங்களா?"

"ஒரு வரிதாங்கய்யா வந்துச்சி. நான் அப்டி சொன்னது தப்புதான். மன்னிச்சிக்கணும்."

"இரு, இரு. நீ யாரு? அந்த ரைட்டு சொல்ற தம்பியா?"

"ஆமாங்கய்யா."

"ஒன்மேல யாருப்பா புகார் சொன்னது? மத்த புள்ளைங்கமேல சொன்னேன். நன்றிங்கறாங்க, இனிய நாளுங்கறாங்க, அப்பறம் சத்தத்தையே காணோம். முடிஞ்சிதா, இன்னும் எதுனா சொல்லப் போறாங்களா, ஒண்ணும் தெரியல. வெச்சிட்டா மரியாதயா இருக்காதேன்னு நானும் புடிச்சிக்கிட்டே நிக்கறேன். எழுவத்தி மூணு வயசு. கையி கடுக்குது. நீ ஒருத்தன்தான் போலாம்னு உத்தரவு குடுக்கற. அத எல்லாரும் குடுங்கன்னு எழுதனேன். மூணு பக்கத்தையும் படிக்காம ஒரு வரியாக்கிட்டாங்களா? முப்பத்தஞ்சு வருஷம் தபால் குடுத்தவன் நான். ஒரு எழுத்தக்கூட நடுவுல தொலைச்சதில்ல."

பாலகிருஷ்ணன் மேசைமேல் இருந்த பேனாவை இந்தப் பக்கம் வைத்தார், அந்தப் பக்கம் வைத்தார். அல்தாப் ஜன்னல் வழியாகப் பார்ப்பது போலத் திரும்பிக்கொண்டான், அவன் தோள் குலுங்கியது. ராஜாங்கமும் வைக்கவில்லை, இவர்களும் வைக்கவில்லை. அரை நிமிடம் போனது. ஒரு நிமிடம் போனது. பின்னணியில் அவர் வீட்டு ஃபேன் கிறீச்சிட்டது.

கடைசியில் பாலகிருஷ்ணன்தான் ஸ்பீக்கர் பக்கம் குனிந்தார். "ஐயா, பேசி முடிச்சாச்சு. நீங்க வெச்சிடலாங்க" என்றார்.

"சரிங்க, நல்லது" என்று ராஜாங்கம் உடனே வைத்தார்.

பாலகிருஷ்ணன் நிமிர்ந்து உட்கார்ந்தார். தன் வாயிலிருந்து வந்ததை ஒரு தாளில் எழுதிக்கொண்டார். அன்று முழுக்க இருந்து நாற்பது பழைய பதிவுகளைக் கேட்டார். கோழியும் குக்கரும் "இருக்கீங்களா"வும் எல்லாவற்றிலும் இருந்தன. போலாம் ரைட் என்று வங்கி சொல்ல முடியாது, அது பஸ்ஸுக்குச் சொந்தம் என்று கண்டிப்பாகச் சொன்னார். ஆனால் அடுத்த மாதத்திலிருந்து நன்றிக்குப் பிறகு "நீங்க வெச்சிடலாங்க" என்று எல்லா இருக்கையிலும் சொல்ல வேண்டும் என்று உத்தரவு வந்தது. மையத்தின் சராசரியே நாலரைக்கு இறங்கியது. திலீபனின் சைபர்கள் அழிக்கப்பட்டன. வருடம் முடிந்த அன்று நிரந்தர ஆணை வந்தது. அவன் அதை முதலில் சம்சாத் பேகத்தின் மேசையில் வைத்துவிட்டு நின்றான். அவள் படித்துப் பார்த்து, "உக்காருப்பா, முட்டி வலிக்கும்" என்றாள்.

ராஜாங்கத்துக்கு நன்றி சொல்லத்தான் அவனுக்கு வழியில்லை. வாடிக்கையாளரின் எண்ணையோ விலாசத்தையோ சொந்தக் காரியத்துக்குத் தொடக் கூடாது என்பது விதி. "அவரே கூப்புட்டா சொல்லு" என்றாள் சம்சாத் பேகம். ஸ்ரீமுஷ்ணம் அவன் ஆறு வருடம் தினமும் பஸ்ஸில் எட்டு நடை போன ஊர், அவர் வீடு எந்தத் தெருவென்று கேட்டால் பழைய டிரைவர்கூடக் காட்டிவிடுவார். ஆனாலும் அவன் போகவில்லை. வேலையைக் கொடுத்த மனிதர் விஷயத்திலேயே விதியை மீறுவதா என்று இருந்துவிட்டான்.

நாலு மாதம் கழித்து, பென்ஷனுக்கு உயிர்ச்சான்று கொடுப்பது எப்படி என்று கேட்டு அவரே கூப்பிட்டார். மணி திலீபன் இருக்கையில் அடித்தது. எல்லாம் சொல்லி முடித்த பிறகு அவன், "ஐயா, உங்க லெட்டராலதான் எனக்கு வேல நெலச்சிது. ரொம்ப நன்றிங்க" என்றான்.

"அப்டியா?" என்றார் ராஜாங்கம். "லெட்டரு போய்ச் சேந்துடிச்சில்ல, அது போதும்." கொஞ்சம் நிறுத்தி, "சாப்புட்டியா தம்பி?" என்று கேட்டார்.

திலீபன் சொல்ல வேண்டிய கடைசி வரியைச் சொல்லவில்லை. சாப்பிட்டதைச் சொன்னான். அம்மா வைத்த குழம்பைச் சொன்னான். அந்த 'ரைட்டு' எங்கே பழகியது என்று அவர் கேட்டதற்கு பஸ்ஸையும் முட்டியையும் சொன்னான். திரையின் மூலையில் ஐந்து நிமிடம் தாண்டி எண் சிவப்பாக மாறியது. சம்சாத் பேகம் அதைப் பார்த்துவிட்டு அடுத்த மேசைக்கு நகர்ந்துபோனாள்.