கிராட்டாவின் பத்தொன்பது நோட்டுகள்

எங்கள் தீவில் தினமும் காலை எட்டு மணிக்குச் சட்டை போட்டுக்கொண்டு கடலைப் பார்க்கப் போகிறவன் ஒருவன்தான். பெயர் கிராட்டா. என் தங்கை தெரேத்தியாவின் புருஷன். விடிந்ததும் தென்னையில் ஏறிப் பதநீர் இறக்குவான். பிறகு கால் கழுவி, சர்க்கார் உத்தியோகத்துக்குப் போகிற மிடுக்கில் படகுத்துறைக்கு நடப்பான். அங்கே கடலுக்குள் அளவுக்கம்பம் ஒன்று நட்டிருக்கிறது. அலை அடங்கும் நேரம் பார்த்துக் கம்பத்தைப் படித்து, எண்ணை நோட்டில் எழுதுவான். ஊரில் அவனுக்குக் கடல் கணக்குப்பிள்ளை என்று பெயர். வைத்தவன் நான்தான்.

பன்னிரண்டு வருஷம் அவன் கண்ணும் நோட்டும் மட்டுமே. அதற்குப் பிறகுதான் கம்பத்துக்குப் பக்கத்தில் குழாயும் பெட்டியும் வந்தன. சோலார் தகடு, பேட்டரி எல்லாம் வைத்த பெட்டி. ஆறு நிமிஷத்துக்கு ஒருமுறை கடல்மட்டத்தை அளந்து வானத்துக்குச் சொல்லிவிடும். கிராட்டா குழாயில் ஒட்டிய சிப்பியைச் சுரண்டினான், தகட்டில் விழுந்த பறவை எச்சத்தைத் துடைத்தான், ஆனாலும் கம்பத்தைப் பார்த்து எழுதுவதை விடவில்லை.

"பெட்டிதான் அளக்குதே, நீ எதுக்குடா வெயில்ல கண்ணு பூத்துப்போக நிக்கிற?" என்றேன்.

"பெட்டி பொய் சொன்னா யாரு கண்டுபிடிப்பா மச்சான்?"

இதை அவனுக்குச் சொன்னவள் வெண்டி. கடல்மட்டத்தை ஆராய்கிற ஆஸ்திரேலியாக்காரி. ஒன்றரை வருஷத்துக்கு ஒருமுறை சின்ன விமானத்தில் வருவாள். பள்ளிக்கூடத்து முற்றத்தில் பாறையில் பதித்த பித்தளைக் குமிழிலிருந்து படகுத்துறை வரை முக்காலி வைத்து அளந்து, துறை தாழ்ந்திருக்கிறதா என்று பார்ப்பாள். செயற்கைக்கோள் பத்து நாளைக்கு ஒருமுறைதான் எங்கள் கடலைத் தாண்டும். கரைக்குக் கிட்டே வந்தால் பாறையும் மணலும் சேர்ந்து அதன் கண்ணைக் குழப்பிவிடும். கீழே ஒரு மனிதன் கம்பத்தைப் பார்த்துச் சொன்னால்தான் மேலே இருப்பது சரியாகப் பார்க்கிறதா என்று தெரியும் என்பாள். அன்றெல்லாம் கிராட்டாவுக்குத் தரையில் கால் பாவாது.

அவன் நோட்டில் வெற்று வரிகள் உண்டு. காய்ச்சலில் கிடந்த நாள், அப்பன் செத்த நாள் எல்லாம் வெறுமையாக இருக்கும். "நேத்து எண்ணையே போட்டுத் தொலையேன், யாருக்குத் தெரியப்போகுது?" என்று நான் கேட்டால், "நேத்துக் கடல் வேற மச்சான்" என்பான்.

எனக்குச் சிரிப்பாக இருக்கும். ஆனால் எங்கள் ஊரின் தலையெழுத்தே அந்த நோட்டில் இருந்தது. மேற்குக் கரையை அலை தின்றுகொண்டிருந்தது. இரண்டு கிணறு உப்பாகிவிட்டது. கற்சுவர் கட்டிக்கொடுக்க வெளிநாட்டு நிதியம் ஒன்று முன்வந்தது. இருபது வருஷத்தில் கடல் எவ்வளவு ஏறியது என்று காட்ட வேண்டும், ஒரு தடவையாவது நீர் மூன்று மீட்டர் பத்து சென்டிமீட்டரைத் தாண்டியதற்கு அளவு வேண்டும் என்றார்கள். முதலாவது கிராட்டாவின் பத்தொன்பது நோட்டுகளில் இருந்தது. இரண்டாவது பிப்ரவரி மாதப் பெரிய கடலேற்றத்தில் பெட்டியில் பதிவாகும் என்று ஊரே காத்திருந்தது.

அந்த வாரம்தான் பக்கத்துத் தீவின் தேவாலயப் பாடகர் குழு எங்களுக்கு விருந்தாளியாக வந்தது. எங்கள் குழுவுக்கு நான் தலைவன், சபையில் மூப்பன். பாட்டுக்கு ஒலிபெருக்கி வேண்டும். அதன் பேட்டரி செத்துக்கிடந்தது. நான் கிராட்டாவிடம் போனேன்.

"உன் பெட்டியில இருக்கிறதைக் குடுடா."

அவன் பெட்டியைக் கொஞ்ச நேரம் பார்த்தான். "இந்த வாரம் பெரிய ஏத்தம் மச்சான். அடுத்த வாரம் கேளேன், கழட்டி நானே தூக்கிட்டு வரேன்."

"அடுத்த வாரம் வந்தவங்க ஊருக்குப் போயிருப்பாங்க. புபுசின்னு கேக்குறேன். அப்புறம் உன் இஷ்டம்."

புபுசி என்று வாய்விட்டுக் கேட்டுவிட்டால் உறவுக்காரன் மறுக்கக் கூடாது. சட்டை, சைக்கிள், தோணி, பெற்ற பிள்ளை வரைக்கும் கேட்டிருக்கிறார்கள், கொடுத்திருக்கிறார்கள். மறுத்தவன் பெயர் பேரன் காலம் வரை நாறும். கிராட்டா திருகாணியைக் கழற்றினான். பேட்டரியை அவனே தோளில் சுமந்துகொண்டு வந்தான்.

கொடுத்தவனுக்கு மரியாதை செய்யாமல் விடுவோமா? ஊர் கூடும் மனேயாபாவில் முதல் பாயில் உட்காரவைத்தோம். தலையில் பூ வளையம் சூட்டினோம். எட்டு மணிக்கு எழுந்து போகப் பார்த்தால் கிழவிகள் கையைப் பிடித்து ஆட இழுத்தார்கள். இரண்டு நாள் விருந்து ஐந்து நாள் ஆயிற்று. மூன்றாம் நாள் பிற்பகல் காற்று திரும்பி மேற்கிலிருந்து அடித்தது. பாதிப் பாட்டில் தண்ணீர் மனேயாபாவுக்குள் வந்தது. பாயைத் தூக்கிக்கொண்டு முதலில் சிரித்தோம். பாபாய்க் கிழங்குக் குழிகள் பக்கம் பெண்கள் அலறியபோதுதான் சிரிப்பு நின்றது. ஒரு கிழங்கு பருக்க ஐந்து வருஷம் ஆகும். எல்லாக் குழியிலும் கடல் நின்றது.

கிராட்டா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு துறைக்கு ஓடினான். நீர் வடியத் தொடங்கிவிட்டது. துறையின் தூணில் பாசியும் நுரையும் ஒட்டி ஈரக்கோடு ஒன்று தெரிந்தது. கத்தியை எடுத்து அந்தக் கோட்டில் வெட்டினான். கம்பத்தோடு வைத்துப் பார்த்தான். மூன்று பதினெட்டு. அதைப் பார்த்தது நாங்கள் இரண்டு பேர்தான். நோட்டில் அவன் ஒன்றும் எழுதவில்லை.

"நான் கடலைப் பாக்கல மச்சான். ஈரத்தைத்தான் பாத்தேன். அப்படின்னு வேணா எழுதலாம்."

விருந்து முடிந்த மறுநாள் அவன் வீட்டுக்குப் போனேன்.

"மூணு பதினெட்டா? கிழங்கெல்லாம் அழுகுது, கிணத்துத் தண்ணி வாயில வைக்க முடியல. எல்லைக்கு மேல எட்டு சென்டின்னு சொன்னா வெள்ளைக்காரன் சிரிப்பான்டா. மூணு அறுபதுன்னு போடு. கண்ணால பாத்தேன்னு போடு."

"அது பொய் மச்சான்."

"ஊருக்காகத்தானே?"

"ஊருக்காகன்னாலும் பொய்தானே?"

"சரி. புபுசி."

தெரேத்தியா அடுப்படியிலிருந்து என்னைப் பார்த்த பார்வை இன்னும் முதுகில் இருக்கிறது. கிராட்டா நோட்டைத் திறந்து எழுதினான். அந்த ஐந்து வெற்று வரிகளில் நடு வரியில் மட்டும் 3.60 என்று நின்றது. பேட்டரி முந்தின நாளே பெட்டிக்குத் திரும்பிப் போயிருந்தது.

நாலு மாதம் கழித்து வெண்டி வந்தாள். கிராட்டாவின் வீட்டில் உட்கார்ந்து பதநீர் குடித்தாள். எங்கள் பேச்சு அவளுக்கு அரைகுறை. அதனால் மொழிபெயர்க்க நான் பக்கத்தில். விதிக்கும் கொஞ்சம் வேடிக்கை வேண்டும்போல.

"பக்கத்துத் தீவுப் பெட்டியைப் பாத்துட்டேன்," என்றாள். "செயற்கைக்கோள் முன்னாலயும் பின்னாலயும் எடுத்த அளவையும் பாத்துட்டேன். அன்னிக்கு இங்க கடல் மூணு இருபத்தஞ்சைத் தாண்டியிருக்கவே முடியாது. உங்க பெட்டியில அஞ்சு நாள் ஒண்ணுமே இல்ல. ஏன்?"

நான் மொழிபெயர்த்தேன். கிராட்டா பாயின் ஓரத்தைப் பிய்த்துக்கொண்டிருந்தான்.

"இந்த அறுபதை யாரு எழுதினது?"

"நான்தான்," என்றான் கிராட்டா.

"இது மாதிரி இன்னும் எத்தனை எழுதியிருக்கீங்க கிராட்டா?"

அவன் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தான். அந்தக் கேள்வியையும் நான்தான் என் வாயால் அவனுக்குச் சொல்லியிருந்தேன்.

குடம் பாலுக்குத் துளி விஷம் போதும். ஒரு எண் பொய் என்றால் பத்தொன்பது நோட்டையும் நம்ப முடியாது என்றாள் வெண்டி. அவளும் அந்த நோட்டுகளை வைத்துத்தான் இத்தனை வருஷம் வேலை பார்த்தவள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"இவரு சொல்லை மட்டும் இனிமே யாரும் ஏத்துக்க மாட்டாங்க. கூட இருந்த ஒருத்தர் என்ன நடந்துச்சுன்னு எழுதி கையெழுத்துப் போட்டா, அந்த ஒரு வாரத்தை மட்டும் வெட்டிடலாம். மத்ததெல்லாம் தப்பிச்சுடும். தூண்ல ஒரு வெட்டு இருக்கே, அதை எப்ப, எதைப் பாத்து வெட்டினாருன்னு ஒருத்தர் சாட்சி சொன்னா அதையே அளவா எடுத்துக்குவாங்க. நான் அளந்துட்டேன், மூணு பதினெட்டு. அதுவே போதும், தெரியுமா? எல்லை மூணு பத்துதானே. நாளைக்கு மத்தியானம் விமானம். அதுக்குள்ள யாராவது இருந்தா வரச் சொல்லுங்க."

இதையும் ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தேன். அந்த விஷயத்தில் நான் நாணயக்காரன்.

மறுநாள் காலை எட்டு மணிக்குக் கிராட்டா சட்டை போட்டுக்கொண்டு என் வீட்டுக்கு வந்தான். துறைக்குப் போகவில்லை. இருபத்திரண்டு வருஷ உறவில் அவன் என்னிடம் ஒரு கொட்டாங்கச்சி கூடக் கேட்டதில்லை.

"மச்சான், புபுசி," என்றான். "வெண்டிகிட்ட வந்து சொல்லு. பேட்டரியை யாரு கேட்டது, அறுபதுன்னு யாரு சொன்னதுன்னு. வேற எதுவும் வேணாம்."

"நீயே சொல்லித் தொலைச்சிருக்கலாமே."

"கேட்டவன் பேரைக் குடுத்தவன் சொல்லக் கூடாதே. கேட்டவன்தான் சொல்லணும்."

அடுத்த மாதம் தீவு மன்றத் தேர்தல். நான் நின்றிருந்தேன். ஒரு ஒலிபெருக்கிக்காக ஊரின் சுவரைத் தொலைத்தவன் என்று தெரிந்தால் எனக்கு ஓட்டா போடுவார்கள்? இதை அவனிடம் சொல்லவில்லை.

"தலை வலிக்குதுடா. சாயங்காலம் பாக்கலாம்," என்றேன்.

விமானம் மத்தியானம் என்று எங்கள் இருவருக்கும் தெரியும். "படுத்துக்க மச்சான்," என்று சொல்லிவிட்டுப் போனான்.

எட்டு மாதம் கழித்துக் கடிதம் வந்தது. சுவர் வேறொரு தீவுக்கு. எங்கள் நிலையத்தின் கையெழுத்துப் பதிவுகள் நம்பத்தக்கவையல்ல, பயன்படுத்தப்படவில்லை என்று ஒரே ஒரு வரி. மன்ற உறுப்பினன் என்ற முறையில் மனேயாபாவில் அதை நான்தான் படித்துச் சொன்னேன்.

"கடலுக்குக் கணக்கு எழுதுறேன்னு நம்ம கணக்கை முடிச்சுட்டான் பாவி!" என்று யாரோ கத்தினார்கள். கிராட்டா தூணோரமாக உட்கார்ந்திருந்தான். என் பெயரைச் சொல்வான் என்று கடிதத்தை மடித்துக்கொண்டு காத்திருந்தேன். சொல்லவில்லை. தெரேத்தியா அன்றிலிருந்து என்னோடு பேசுவதில்லை.

பெட்டியைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அவன் இன்னும் எட்டு மணிக்குச் சட்டை போட்டுக்கொண்டு போகிறான், எழுதுகிறான். இருபத்தோராவது நோட்டு நடக்கிறது. கேட்க ஆளில்லை.

போன சனிக்கிழமை என் வீட்டுக்கு விருந்தாளிகள் வந்துவிட்டார்கள். சமைக்க ஒன்றுமில்லை. கிராட்டா இரண்டு மீனோடு கரையேறிக்கொண்டிருந்தான். பழக்க தோஷம், வாயில் வந்துவிட்டது.

"டேய், புபுசி. ஒரு மீன் குடுடா."

இரண்டையும் தூக்கிப் பார்த்து, பெரியதைக் கொடுத்தான்.