வேண்டாம் என்றவர் வரட்டும்

சலவைக் கடைக்காரருக்கு அவருடைய மச்சினன் சொன்ன கதை அது. மச்சினன் பாதியைக் கண்ணால் பார்த்தானாம். மீதிப் பாதியைக் காற்றடிக்க வண்டியை நிறுத்திய லாரிக்காரர் யாரோ சொன்னாராம். திங்கட்கிழமை காலையில் கம்பளிப் போர்வையைப் போட வந்த பெண்ணிடம் கடைக்காரர் அந்த இரண்டு பாதிகளையும் ஒட்டி, தன் கைச்சரக்கையும் கொஞ்சம் சேர்த்துச் சொன்னார்.

"ஊருக்கு வெளிய நாய்க் காப்பகம் ஒண்ணு இருக்குல்லங்க? அங்க ஒரு பொம்பளை இருக்காளாம். நாய் கேட்டுப் போனா, என்னமோ பொண்ணு கேட்டு வந்த மாதிரி குடும்பத்தையே உக்கார வெச்சுக் கேள்வி கேப்பாளாம். கடைசியில பாத்தா, வெறி புடிச்ச நாயைத் தலையில கட்டி அனுப்பிடுவாளாம்."

"அப்படியா?"

"அட, ஆமாங்க. சனிக்கிழமை ஒருத்தர் வெள்ளைக் கார்ல வந்து, என் மச்சினன் வேலை பாக்குற நெடுஞ்சாலைப் பெட்ரோல் பங்க்ல நாயை எறக்கி விட்டுட்டுப் போயிட்டாராம். பொண்டாட்டியைக் கடிச்சுக் குதறிடுச்சாம். ஒரு காது பாதிதான் இருக்காம். கழுத்துல பச்சைப் பட்டை. இன்னும் ரோட்டையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்காம். பாவம், அந்த மனுஷன் என்ன பண்ணுவான்? அந்தப் பொம்பளையைத்தான் கட்டி வெச்சு உதைக்கணும்."

உதைபட வேண்டிய பொம்பளை எதிரில்தான் நிற்கிறாள் என்பது கடைக்காரருக்குத் தெரியாது. அவள் இன்னும் மரச்சாமான் கடையில் சோபா விற்பதாகவே அவர் நினைத்துக்கொண்டிருந்தார். வேறொரு நாளாக இருந்தால் அவருக்கு நல்லதாக நாலு வார்த்தை கிடைத்திருக்கும். இன்று அவள் காதில் இரண்டே விஷயங்கள்தான் விழுந்தன: அரைக் காது, பச்சைப் பட்டை. அந்தப் பட்டையை அவளே வாங்கி, அவளே மாட்டி, ஐந்து வாரத்துக்கு முன் தன் கூடப்பிறந்த தம்பியின் கையில் கயிற்றைக் கொடுத்திருந்தாள்.

"அம்மா, ரசீது!" என்று கடைக்காரர் கத்தியபோது அவள் காப்பகத்து வேனைக் கிளப்பிவிட்டிருந்தாள்.

காப்பகத்தில் அவளுக்குக் கறார் அக்கா என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் சொல்லமாட்டார்கள். முதுகுக்குப் பின்னால் எல்லோரும் சொல்வார்கள். வயது நாற்பத்தாறு. கோபம் மூக்கு நுனியில் குடியிருக்கும். ஒன்பது வருஷம் மரச்சாமான் கடையில் நின்ற கால்கள். அங்கேதான் அவள் ஒன்றைக் கற்றுக்கொண்டாள். ஒரு குடும்பம் சோபா வாங்க வந்தால், அதில் விழுந்து குதிக்கிறவர்களைப் பார்க்கவே கூடாது. கதவோரம் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறாரே ஒருவர், அவரைத்தான் பார்க்க வேண்டும். அவரிடம் பேசாமல் விற்ற சோபா பத்தே நாளில் லாரியேறித் திரும்பி வரும்.

சோபா திரும்பினால் துடைத்து வைத்து மறுபடி விற்கலாம். நாய் அப்படியா?

காப்பகத்துக்கு வருகிறவர்களைப் பார்த்தாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். போனில் ஒரு படத்தை நீட்டி, "அச்சு அசலா இதே மாதிரி வேணும்" என்பார்கள். தரை வெள்ளை, அதனால் முடி கொட்டினால் தெரியாமல் இருக்க வெள்ளை நாய் என்பார்கள். பரீட்சையில் முதலாவதாக வந்தால் நாய் வாங்கித் தருகிறேன் என்று பிள்ளையிடம் உளறிவிட்டு, பிள்ளை நிஜமாகவே முதலாவதாக வந்து தொலைத்ததால் முழித்துக்கொண்டு வந்து நிற்பார்கள். எல்லோரிடமும் அவள் ஒரே கேள்விதான் கேட்பாள்.

"உங்க வீட்ல நாய் வேணாம்னு சொல்றவங்க யாரு?"

"அப்படி யாருமே இல்லைங்க. எல்லாருக்கும் உசுரு."

"இருப்பாங்க. கூட்டிட்டு வாங்க."

கூட்டி வரும்வரை நாய் கிடையாது. வந்த பிறகு, அந்த வேண்டாம்காரரைப் பின்னறையில் வெறும் பாயில் உட்காரவைத்து நாயை உள்ளே விடுவாள். கூப்பிடக் கூடாது, பிஸ்கட் காட்டக் கூடாது, அரைமணி நேரம் சும்மா இருக்க வேண்டும். ஒரு தடவை ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவர் செய்தித்தாளை முகத்துக்கு நேரே சுவர் மாதிரி விரித்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். இருபதாவது நிமிஷம் தாள் ஒரு விரல்கடை கீழே இறங்கியது. "இது ஏன் இப்படிப் பெருமூச்சு விடுது? வயித்துல ஏதாச்சும் கோளாறா?" என்றார். அவ்வளவுதான், அவள் படிவத்தை எடுத்துவிட்டாள். வேண்டாம்காரர் வாயிலிருந்து நாயைப் பற்றி ஒரு கேள்வி வர வேண்டும். வந்தால் கையெழுத்து, வராவிட்டால் வாசல்.

அரைக்காதன் அவள் வேலைக்கு வருவதற்கு முன்பே இரண்டு வீட்டுக்குப் போய்த் திரும்பியவன். முதல் வீட்டில் முடி கொட்டுகிறதாம். இரண்டாவது வீட்டில், அவர்கள் சாப்பிடும்போது பார்க்கிறானாம். கண் இருக்கிற பிராணி பார்க்காமல் என்ன செய்யும்? மூன்றாம் தடவை திரும்பினால் காப்பகத்தின் விதிப்படி யாருக்கும் கொடுக்கக் கூடாது, நகராட்சியின் நாய்க் கூடத்துக்கு அனுப்பிவிட வேண்டும். அங்கே போன நாய் எதுவும் தன் காலால் நடந்து வெளியே வந்ததில்லை. அதனால்தான் இரண்டு வருஷம் அவனை யாருக்கும் கொடுக்காமல் பொத்திப் பொத்தி வைத்திருந்தாள்.

அப்புறம் தம்பி வந்தான், தனியாக.

"எங்கடா உன் பொண்டாட்டி?"

"அவளுக்கு வேலை இருக்குக்கா. அவளைப் போய் என்ன கேக்கறது? நான் சொன்னா அவளுக்குச் சரிதான்."

வேறு எவனாவது அதைச் சொல்லியிருந்தால் நாற்காலியோடு தூக்கி வெளியே போட்டிருப்பாள். தம்பி சொன்னதால் சிரித்தாள். அந்த வாரம் பின்னறையில் பெயிண்ட் வேலை என்று தனக்குத்தானே ஒரு சாக்கும் சொல்லிக்கொண்டாள். அரைக்காதனுக்கு ஒரு வீடு, அதுவும் நம் வீடு என்கிற நினைப்பில் கை தானாகவே படிவத்தை நிரப்பியது.

புது வீட்டுக்காரர்கள் ஞாயிறுதோறும் நாயின் படம் அனுப்ப வேண்டும் என்பது அவள் வைத்த இன்னொரு சட்டம். நேற்றும் தம்பியிடமிருந்து படம் வந்தது. 'சூப்பரா இருக்கான்க்கா.' இப்போது சிக்னலில் வேனை நிறுத்திவிட்டு அந்தப் படத்தைத் திறந்தாள். சோபா ஓரத்தில் குப்புறக் கிடந்த ஒரு செருப்பு. முந்தின வாரத்துப் படத்தைத் திறந்தாள். அதே சோபா, அதே செருப்பு, அதே குப்புற. பழைய படத்தையே அனுப்பியிருக்கிறான் பாவி! நாயை நடுரோட்டில் இறக்கிவிட்ட மறுநாள், உட்கார்ந்து, பழைய படத்தைத் தேடி எடுத்து அனுப்பியிருக்கிறான்.

தம்பியை அழைத்தாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. திரும்ப அழைத்தாள், எடுக்கவில்லை. பின்னால் நின்ற கார்க்காரன் ஹாரன் அடித்தபோது அவனையும் சேர்த்துத் திட்டினாள்.

அதற்குள் அவள் மனசு தீர்ப்பே எழுதிவிட்டது. தம்பி அப்படிச் செய்கிற ஆளில்லை. அவளாகத்தான் இருக்கும், அந்த ஊமைச்சி. வந்த நாளிலிருந்து வாயைத் திறக்காதவள், வீடு நாறுகிறது என்று தினமும் நச்சரித்து, இவனைக் கொண்டு இந்தக் காரியத்தைச் செய்ய வைத்திருப்பாள். பங்குக்குப் போகிற வழியில்தான் தம்பி வீடு. நாலு மாடியும் லிஃப்டில் ஏறும்போது, கேட்க வேண்டிய கேள்விகளை ஒவ்வொன்றாகக் கூர் தீட்டிக்கொண்டே போனாள்.

கதவைத் திறந்தவளுக்கும் கண்ணில் தீ.

"இப்பதான் வழி தெரிஞ்சுதா அண்ணி?" என்றாள் தம்பி மனைவி. பல் ஆஸ்பத்திரியில் சாயங்கால வேலை. மதியம்வரை வீட்டில்தான் இருப்பாள். "எனக்கு ஒரு வார்த்தை சொல்லணும்னு தோணலையா உங்களுக்கு?"

"யாரு யாருக்குடி சொல்றது? நாய் எங்க?" என்றாள் கறார் அக்கா, அவள் வாயாலேயே வரட்டும் என்று.

"என்னைக் கேக்கறீங்க? நீங்கதானே திருப்பி வாங்கிக்கிட்டீங்க!"

கறார் அக்கா கூர் தீட்டிக் கொண்டுவந்த கேள்விகளில் எதுவும் இதற்குப் பொருந்தவில்லை.

"யாரு சொன்னது?"

"உங்க தம்பி. சனிக்கிழமை காப்பகத்துல விட்டுட்டேன், அக்காவே கேட்டு வாங்கிக்கிட்டா, உன் கையில நாய் வளராதுன்னு சொன்னான்னு..." அவள் குரல் உடைந்தது, உடைந்ததை மறைக்க இன்னும் சத்தமாகப் பேசினாள். "நான் என்ன பண்ணேன் அதை? மொத வாரம் பிடிக்கலதான். என்னை யாராவது கேட்டீங்களா பிடிச்சிருக்கான்னு? ஆனா அது என் கால்மாட்டுலதானே படுத்துது? நான் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினா லிஃப்ட் வரைக்கும் வந்து நிக்குதே, அதை நான் வளர்க்கலையா?"

"உன்னைக் கடிச்சுதாமே?"

"கடிச்சுதா?" அவள் இரண்டு கைகளையும் நீட்டிக் காட்டினாள். பல் பட்ட தடம் ஒன்றுகூட இல்லை. இடது மணிக்கட்டில் மட்டும் நாலு விரல் அகலத்துக்கு ஒரு பழுப்புக் கன்றல். நாய்க்கு விரல் கிடையாது.

சமையலறையில் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. கூடத்துச் சுவரில், டிவிக்குப் பக்கத்தில், சுண்ணாம்பு பெயர்ந்து ஒரு பள்ளம். ரிமோட் அளவுக்கு.

"அவர் குரல் ஏறினா அது எழுந்து வந்து நடுவுல நிக்கும் அண்ணி. குரைக்காது. பல்லைக்கூடக் காட்டாது. நிக்கும், அவ்ளோதான். வெள்ளிக்கிழமை கையை ஓங்கினாரு. வந்து நின்னுச்சு. அவரால கையை எறக்கவும் முடியல, வெச்சிருக்கவும் முடியல. நான் சிரிச்சிட்டேன். அதான் என் தப்பு."

கறார் அக்கா சுவரிலிருந்த பள்ளத்தை விரலால் தடவிப் பார்த்தாள். இரண்டு வருஷத்துக்கு முன் இதே பெண் ஒரு மத்தியானம் போன் செய்தது ஞாபகம் வந்தது. "அவர் ரொம்பக் கத்துறாரு அண்ணி." அதற்கு இவள் என்ன சொன்னாள்? 'அவன் அப்படித்தான், கத்துவான். மனசுல ஒண்ணும் இருக்காது.' கூண்டில் இருக்கிற எந்த நாயையும் யார் வந்து கேட்டாலும் துருவித் துருவி விசாரிக்கிறவள், இந்தப் பெண்ணைத் தன் தம்பிக்குக் கட்டி வைத்தபோது யாரிடமும் எதையும் கேட்கவில்லை. கோபம் போகவில்லை. யார் மேல் என்பதுதான் மாறியது. தம்பிக்குப் பெரிய பங்கு, தனக்கும் குறையில்லை.

"செருப்பை மாட்டு," என்றாள்.

"எங்க அண்ணி?"

"நாயைக் கொண்டுபோய் நெடுஞ்சாலைப் பங்க்ல விட்டிருக்கான் உன் புருஷன்."

அந்தப் பெண் கதவைப் பூட்டக்கூட இல்லை.

வழியில் கறார் அக்கா இன்னும் மூன்று தடவை தம்பியை அழைத்தாள். எடுக்கவில்லை. "வேலையில இருந்தா எடுக்கமாட்டாரு," என்றாள் பக்கத்தில் இருந்தவள், பழக்கதோஷத்தில்.

"நீ அவனுக்கு வக்கீலா? சும்மா வா."

பங்கில் சலவைக் கடைக்காரரின் மச்சினன் கையில் குழாயோடு நின்றான். நாயைப் பற்றிக் கேட்டதும் நல்ல கதைக்கு ஆள் கிடைத்த சந்தோஷத்தில் முகம் மலர்ந்தான். "ஓ, அந்த வெறி நாயா? நேத்துவரைக்கும் ரோட்டோரத்துலதாங்க இருந்துச்சு. ஒவ்வொரு வெள்ளைக் கார் வரும்போதும் எழுந்து நிக்கும். போட்டதைத் தொடலை. இன்னைக்குக் காத்தடிக்கிற கொட்டகைக்குள்ள போயிடுச்சு. கிட்ட போகாதீங்க, குதறிடும்."

"உன்னைக் குதறிச்சா?"

"இல்லைங்க."

"வேற யாரை?"

மச்சினன் யோசித்தான். "சொன்னாங்க..."

"சொன்னவன் வாயில பெட்ரோலை ஊத்து."

கொட்டகையில் டயர்களுக்கும் சுவருக்கும் நடுவே அரைக்காதன் சுருண்டு கிடந்தான். பச்சைப் பட்டை கறுத்திருந்தது. கறார் அக்கா கூப்பிட வாயெடுத்தாள்; பழகிய நாக்கு தானே அடங்கிக்கொண்டது. கூப்பிடக் கூடாது. தம்பி மனைவியைத் திரும்பிப் பார்த்தாள். சட்டம் எதுவும் தெரியாத அந்தப் பெண் அதற்குள் எண்ணெய்த் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டிருந்தாள். கூப்பிடவும் இல்லை, கையை நீட்டவும் இல்லை. வெளியே லாரிகள் போய்க்கொண்டே இருந்தன. கொஞ்ச நேரம் கழித்து அரைக்காதன் எழுந்தான். கால் நடுங்கியது. நடந்து வந்து, கறார் அக்காவைத் தாண்டிப் போய், அந்தப் பெண்ணின் கால்மாட்டில் படுத்தான்.

"இதுக்கு ஏன் மூக்கு இப்படிக் காஞ்சு கெடக்கு? தண்ணியே குடிக்கலையா?" என்றாள் அவள்.

கறார் அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டு மச்சினன் மேல் எரிந்து விழுந்தாள். "தண்ணி கொண்டா! ரெண்டு நாளா வேடிக்கை பாத்தீங்களே, ஒரு வாளித் தண்ணி வெச்சீங்களா?"

நாய் நக்கி நக்கிக் குடித்தது. கறார் அக்கா அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். இவனைக் காப்பகத்துக்குக் கொண்டுபோனால் பதிவேட்டில் மூன்றாவது தடவை என்று எழுத வேண்டும். தம்பி வீட்டுக்குக் கொண்டுபோனால், அடுத்த சனிக்கிழமை அவன் விடுகிற பங்க் இன்னும் தள்ளி இருக்கும்.

"அண்ணி, இதை நான் திருப்பித் தரலையே," என்றாள் தம்பி மனைவி, தரையைப் பார்த்தபடியே. "அவர்தானே விட்டாரு. நான் தரல."

கறார் அக்கா வேனுக்குப் போய்ப் புதுப் படிவம் ஒன்றையும் பேனாவையும் கொண்டுவந்தாள். பழைய படிவத்தில் தம்பி பெயர் இருந்த இடத்தில் இதில் தம்பி மனைவியின் பெயரை எழுதினாள். இதற்கும் ஒரு விதி இருக்கும், இருக்கட்டும். வீட்டில் வேண்டாம் என்கிறவர் யார் என்ற வரிக்கு வந்தபோது இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. அதில் தம்பி பெயரை அழுத்தி எழுதினாள், பேனா முனை தாளைக் கிழிக்கிற மாதிரி.

"முகவரி?" என்றாள்.

தம்பி மனைவி நாயின் அரைக் காதை விரலால் நீவினாள்.

"என் வீட்ல ஒரு ரூம் சும்மாதான் கெடக்கு," என்றாள் கறார் அக்கா, திட்டுகிற குரலிலேயே. "கட்டாயம் இல்ல. நீ சொல்றதைத்தான் எழுதுவேன். இந்தத் தடவை உன்னைக் கேட்டுத்தான் எழுதுவேன்."

அப்போது மணி அடித்தது. காலையிலிருந்து அக்காவுக்கு எடுக்காதவன், மனைவியின் போனில் அழைத்தான். எண்ணெய்த் தரையில் கிடந்த போன் அதிர்ந்து அதிர்ந்து நகர்ந்தது. அரைக்காதன் தலையைத் தூக்கி, எழுந்து, போனுக்கும் அவளுக்கும் நடுவில் வந்து நின்றான்.

"எடுக்கட்டுமா அண்ணி?"

"உன் போனு. என்னைக் கேக்காத."

பேனா, முகவரி என்ற வார்த்தைக்கு மேலேயே நின்றது. மணி அடித்துக்கொண்டிருந்தது.