கொசுக்களுக்குச் சோறு போட்டவள்

நாட்ராங் நகர ஆய்வகத்தில் லுயென், டெங்குவைப் பரப்பாத கொசு இனம் ஒன்றை வளர்த்தாள். கூண்டுக்குள் கையை நீட்டித் தன் ரத்தத்தையே கொடுப்பாள். காதலன் கியெமின் அம்மா வெற்றிலைத் தட்டோடு பெண் கேட்க வந்தபோது, அவள் கையெல்லாம் தடிப்பு.

“என்னம்மா, தோல் வியாதியா?”

“இல்ல அத்தை, கொசுவுக்குச் சாப்பாடு போட்டேன். இதுங்க பெருகினா ஊர்ல டெங்கு குறையும்.”

சின்ன வயதில் கியெம் டெங்குவிலிருந்து பிழைத்ததே பெரிய விஷயம். மறுநாள் அவன் அம்மா ஆய்வகத்துக்கே வந்து சட்டைக் கையை மடித்தார்.

“நீ ஒருத்தியே எவ்வளவுதான் கொடுப்ப? என்னோடதையும் குடிக்கட்டும்.”

மழைக்கு முன், லுயென் தெருத்தெருவாகக் கொசுக்களைத் திறந்துவிட்டாள். ஸ்கூட்டர் ஓட்டியவர் மாமியார்.