அமெரிக்க விவாதமும் கொடிக்கால் கிணறும்

என் வாழ்நாளில் நான் ஒரே ஒரு சொற்போரில் வென்றிருக்கிறேன். எதிரே பேசியவர் தோற்பதற்காக உயிரைக் கொடுத்துப் பாடுபட்டார். அதனால்தான் முடிந்தது.

யுத்தம் நடந்துகொண்டிருந்த வருஷங்கள். ஜேடர்பாளையத்து வாய்க்கால் பாயும் எங்கள் ஊரில், ஒரு வெற்றிலைக் கொடிக்காலின் ஓரத்தில் வாசகசாலை இருந்தது. கொடிக்காலும் கட்டடமும் பின்னாலிருந்த கிணறும் வாசகசாலைச் சங்கத் தலைவருடையவை. ஞாயிறு சாயங்காலம் சொற்போர்; தலைவரே நடுவர். தோற்றவர் அந்தக் கிணற்றில் தண்ணீர் சேந்தி வந்து வாசகசாலைப் பானையை நிரப்ப வேண்டும் என்பது சங்கத்தின் சட்டம். நான் ஜவுளிக்கடையில் துணி கிழிப்பவன். வாயால் பிழைக்கிற தொழில்தான். ஆனால் மேடையேறினால் வாய் என் பேச்சைக் கேட்காது. வாராவாரம் நான்தான் தண்ணீர் சேந்துவேன். “பேச்சு வளருதோ இல்லியோ, தம்பிக்குத் தோளு வளருது” என்று ஊர் மெச்சியது.

மாதா கோயில் பள்ளிக்கூடத்துக்கு சேலத்திலிருந்து வாத்தியார் ஒருவர் வந்தார். தகப்பனார் காலத்தில் கிறிஸ்து வேதத்தில் சேர்ந்த குடும்பம். வேதம் மாறினாலும் அவர் சேரியில் பிறந்தவர் என்பதை ஊர் மறக்கவில்லை. எங்கள் தலைவர் கதர்காரர், நல்ல மனுஷர். வாத்தியாரை அங்கத்தினராகச் சேர்த்துத் தம் பக்கத்திலேயே உட்கார வைத்தார். அதற்கே ஊரில் முணுமுணுப்பு. கிணறு என்று வந்ததும் தலைவருக்கே தயக்கம்.

“உள்ள வந்து ஒக்காரட்டும், பேசட்டும். கெணத்துல கவுறு போடறதுன்னா ஊரு ஒத்துக்காதுங்க. கொஞ்சம் பொறுமையாத்தான் போகோணும்” என்று வாத்தியார் இல்லாத நேரத்தில் எங்களிடம் சொன்னார்.

பொறுமையாகப் போவதற்கு அவர் கண்ட வழி, வாத்தியாரைத் தோற்கவே விடாமல் இருப்பது. வாத்தியார் எந்தக் கட்சி பேசினாலும் வெற்றி அவருக்கே. தாகமெடுத்தால் எங்களில் யாராவது மொண்டு கொடுப்போம். பானைப் பக்கம் அவர் போகவேண்டிய அவசியமே வராது.

ஒரு நாள் என்னோடு நடந்து வரும்போது வாத்தியார் பொரிந்து தள்ளினார்.

“போன வாரம் பாதியில பேச்சு மறந்துபோயி முழிச்சுட்டு நின்னனுங்க. அதுக்கும் செயிச்சேன்! ‘மௌனமும் ஒரு வாதம்தான்’கறாரு தலைவரு.”

“நானும்தான் முழிக்கறேன். எனக்கு ஒருக்காலும் அப்பிடிச் சொன்னதில்லீங்களே.”

“சிரிக்காதீங்க. நான் ஒருக்காவாச்சும் தோக்கோணும். அந்தக் கெணத்துல நான் தண்ணி சேந்தாத வரைக்கும் நான் அங்கத்தினன் இல்லீங்க, விருந்தாளி.”

அடுத்த வாரமே அமெரிக்கா வந்து சேர்ந்தது, பத்திரிகையில். அங்கே கறுப்பருக்கு ரயிலில் தனி வண்டி, பள்ளிக்கூடம் தனி, குடிதண்ணீர்க் குழாயும் தனி என்று விரிவாக எழுதியிருந்தார்கள். சத்தமாகப் படித்த தலைவருக்குக் கண் கலங்கிவிட்டது. “இதைத்தான் பேசோணும்” என்றார். அங்கே கறுப்பர் தாழ்ந்து கிடப்பதற்குக் காரணம் வெள்ளைக்காரர் செய்த ஏற்பாடா, கறுப்பரிடமே உள்ள குறையா?

“குறைன்னு நான் பேசறனுங்க” என்று வாத்தியார் துள்ளி எழுந்தார்.

“ஏனுங்க வாத்தியாரே, அதைப் போயி நீங்களா?” என்றார் தலைவர்.

“ஆராச்சும் பேசித்தானுங்களே ஆகோணும்.”

எதிர்க்கட்சிக்கு வழக்கம்போல நான்.

ஞாயிறன்று நான் முதலில் பேசினேன். கடையில் நூல், பருத்தி விலைதான் எனக்குத் தெரிந்த உலகம், அங்கேயே தொடங்கினேன். பருத்தி எடுக்கக் கப்பலில் பிடித்துக்கொண்டு போன ஜனங்கள். ஒரு நாள் விலங்கைக் கழற்றினார்கள், நிலத்தைக் கொடுக்கவில்லை. அதே காடு, அதே முதலாளி. ஓட்டுப் போடப் போனால் விரட்டுகிறார்கள். “கெணத்துல கவலை இழுத்துத் தண்ணி எறைக்கறது ஒரு மாடு, பருத்திக்கொட்டை திங்கறது இன்னொரு மாடு. அப்புறம், எறைச்ச மாடு ஏன் எளைச்சுப்போச்சுன்னு கேட்டா?” என்றேன்.

“மனுசனைப் பத்திப் பேசச் சொன்னா மாட்டைப் பத்திப் பேசறான்” என்றது ஒரு குரல். அதன்பின் நான் பருத்தி விலைக்கே திரும்பிப் போய், அங்கேயே வழி தவறிவிட்டேன்.

வாத்தியார் எழுந்தார். அவ்வளவு கேவலமாக ஒரு நல்ல மனுஷர் பேசி நான் கேட்டதில்லை.

“சுத்தம் பத்தாது, முயற்சி பத்தாதுங்க. அதைய உடுங்க. தனியாக் கொழாயி போட்டுக் குடுத்திருக்காங்களா இல்லீங்களா? தண்ணி வருதல்லொ? அப்புறமும் இந்தக் கொழாயிலதான் குடிப்பேன்னா அது வீம்பு.”

தலைவர் நாற்காலியில் நெளிந்தார். நடுவர் குறுக்கே பேசக்கூடாது.

“ஒரேடியா மாத்துனா ஊரு ஒத்துக்காதுங்க. கொஞ்சம் பொறுமையாத்தான் போகோணும்.”

யார் போய் அவரிடம் சொன்னது என்று தலைவர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

“கடைசியாச் சொல்றேன். கொழாயி, அதைப் போட்டவன் சொத்துங்க. அவன் இசுட்டம்.”

தலைவரால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. “கொழாயி போட்டான், சரி. தண்ணியையும் அவனேதான் போட்டானா?” என்று மேசையில் அடித்தார்.

கொடிக்காலில் வாய்க்கால் தண்ணீர் ஓடுவது கேட்டது. மேசையில் வைத்த கையைத் தலைவர் எடுக்கவில்லை. வாத்தியாருக்கு வெற்றி என்று சொன்னால் அமெரிக்க வெள்ளைக்காரன் சொல்வது நியாயம் என்றாகிவிடும். தோல்வி என்று சொன்னால் கிணறு. தலைவர் ஒரு வெற்றிலையை எடுத்தார், காம்பு கிள்ளினார், திரும்ப வைத்துவிட்டார்.

“தோத்தது வாத்தியாருங்க” என்றார் கடைசியில். பிறகு, யாரும் கேட்காமலே, “கவுறு ராட்டனத்துலயே கெடக்குது” என்றார்.

வாத்தியார் பானையைத் தூக்கிக்கொண்டு ஏறக்குறைய ஓடினார். ராட்டினம் கிறீச்சிட்டது. அந்த வாளி நிமிர்ந்தே மிதக்கும், நீரை மொள்ளாது. சங்கத்தில் எனக்குத் திட்டமாகத் தெரிந்த ஒரே விஷயம் அதுதான். “கவுத்தைச் சுண்டுனாப்புல சாய்ச்சு உடுங்க!” என்று உள்ளிருந்தே கத்தினேன். தண்ணீர் வந்தது.

பானை அதன் இடத்தில் உட்கார்ந்தது. இரண்டு பேர் மெதுவாகத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார்கள். நான் மொண்டு குடித்தேன். அவசரத்தில் புரையேறி, தியாகி மாதிரி இருமினேன். அடுத்து தலைவர் வந்தார். அண்ணாந்து, ஒரு டம்ளர் முழுக்கக் குடித்தார்.

“உப்பா இருக்குது” என்றார்.

“உங்க கெணறுதானுங்களே” என்றார் வாத்தியார்.

“அதான், உப்பு.” இரண்டாவது டம்ளருக்குக் கையை நீட்டினார்.

மறுநாள் ஊர்ப் பெரியவர்கள் திரண்டு வந்து கேட்டார்கள். “தோத்தவன் தண்ணி சேந்தறது சங்கத்துச் சட்டமுங்க. நடுவர் சொன்ன தீர்ப்பை நானே மாத்தறதுங்களா?” என்று தலைவர் முகத்தை அப்பாவியாக வைத்துக்கொண்டார். வெளியே போன இருவரில் ஒருவர் ஒரு மாதம் கழித்துத் திரும்பி வந்தார். பத்திரிகை வேறெங்கும் கிடைக்கவில்லையாம்.

அதற்குப் பிறகு வாத்தியார் எங்களைப் போலவே வென்றார், தோற்றார். அந்தச் சொற்போருக்கு அடுத்த ஞாயிறே, நான் வாளியைச் சாய்த்துவிட்டுக்கொண்டிருந்தபோது பின்னாலேயே வந்து நின்றார். “கவுத்தை இப்பிடிப் புடிச்சா கை பொத்துப்போகுமுங்க” என்று எனக்கே பாடம் சொன்னார், ஒரே ஒரு தரம் தண்ணீர் சேந்திய மனுஷர்.