பிளாஸ்திரிக் கோடு வரை தண்ணீர்

“மூச்சு வுடறதுக்கு இன்னாத்துக்குடி படிச்ச புள்ள?” என்று அத்தை கேட்டது இன்னும் என் காதில் இருக்கிறது. எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான். அப்போது ஐந்தாம் வகுப்பு.

அப்பா விழுப்புரம் ரயில் நிலையத்தில் மல்லாட்டை, அதாவது அவித்த வேர்க்கடலை விற்றவர். எஞ்சின் பக்கம் நின்று அவர் கூவினால் கடைசிப் பெட்டியில் சில்லறை எடுப்பார்கள். பக்கவாதம் வந்தபின் அந்தக் குரல் கட்டிலைத் தாண்டவில்லை. அம்மா கூடையை எடுத்துக்கொண்டு போனாள். அவளுக்குக் கூவ வரவில்லை. பாதிக் கூடை திரும்பி வந்தது. அப்பாவுக்குக் குரல் வராவிட்டால் அடுத்த வருஷம் நானும் கூடை தூக்க வேண்டியதுதான் என்று அத்தை சொல்லிவிட்டாள்.

திண்டிவனத்து ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுக்கும் பிசியோதெரபிஸ்ட் ஒருவர் ஒரு குளுக்கோஸ் பாட்டிலில் பிளாஸ்திரி ஒட்டி, அந்தக் கோடு வரை தண்ணீர் ஊற்றி, ரப்பர் குழாயை அடிவரை விட்டார். தினமும் அதில் பத்து முறை ஊத வேண்டும். மூச்சுத் தசைகளுக்கு வேலை கொடுத்தால்தான் குரல் எழும்பும் என்றார். எழுதிக் கொடுத்த சீட்டைப் படிக்கத் தெரிந்தவள் நான் மட்டும் என்பதால் பொறுப்பு எனக்கு வந்தது. பெருமையில் தலைகால் புரியவில்லை. அத்தை அப்படிக் கேட்டது அப்போதுதான்.

முதல் நாளே பெருமை இறங்கிவிட்டது. ஊத ஊத அப்பாவின் முகம் சிவந்தது, கோணிய வாயோரம் காற்று கசிந்தது. வந்தவை இரண்டே குமிழிகள். என்னால் பார்க்க முடியவில்லை. மறுநாள் காலையில் யாருக்கும் தெரியாமல் பாதித் தண்ணீரைக் கொட்டிவிட்டேன். உலை கொதிப்பதுபோல் குமிழிகள் வந்தன. நான் கைதட்டிச் சிரித்தேன். அப்பாவும் பாதி வாயால் சிரித்தார்.

மாலையில் வந்து பார்த்தால் தண்ணீர் மறுபடி கோட்டில் நின்றது. மறுநாளும் கொட்டினேன்; மறுநாளும் அப்படியே. அம்மா பகலெல்லாம் ஸ்டேஷனில். அத்தை ஆஸ்பத்திரிச் சாமானைத் தொடவே பயப்படுவாள். அறிவியல் புத்தகத்தைப் புரட்டினேன். தண்ணீர் ஆவியாகிப் போவது இருந்தது. பாட்டிலுக்குள் திரும்பி வருவது இல்லை.

ஒருநாள் பள்ளிக்கூடத்தை மத்தியானமே விட்டுவிட்டார்கள். வீட்டில் அப்பா பாட்டிலை முழங்கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு இடது கையால் சொம்பிலிருந்து ஊற்றிக்கொண்டிருந்தார். கோட்டுக்கு மேலேயும் ஒரு விரற்கடை.

“இன்னாப்பா பண்ற? லேசா வந்துகினு இருந்துச்சே!”

“காலி பாட்டில... எவன் வேணா ஊதுவான்... டீச்சரம்மா.”

“அப்ப ஏன் எங்கிட்ட சொல்லல?”

“நீ... சிரிச்சியே.”

நான் செய்த உதவியைக் கொட்டிவிட்டாரே என்று அழுதேன். லேசானது கையில் இருக்கும்போது ஒருவர் கஷ்டத்தை ஏன் ஊற்றிக்கொள்கிறார்? காலையில் பத்து எனக்காக, நான் போனபின் பத்து தனக்காக என்று அவர் ஊதியது அன்றைக்கு எனக்கு விளங்கவில்லை.

மழைக்காலம் முடிந்து அப்பா பிளாட்பாரத்துக்குப் போனார். குரல் கடைசிப் பெட்டிக்கு எட்டவில்லை, நாலு பெட்டிக்கு எட்டியது. மீதிப் பெட்டிகளுக்கு அம்மா ஓடினாள். நான் ஆறாம் வகுப்புக்குப் போனேன்.

“மூச்சு வுடறதுக்குன்னு ஒரு படிப்பு இருக்குதாமா?” என்று போன மாதம், நான் பன்னிரண்டாவது முடித்ததும், அத்தை கேட்டாள். பிசியோதெரபி படிப்புக்கான விண்ணப்பத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். ரசீது என் புத்தகத்துக்குள் இருக்கிறது.