ஊதக்காவின் ஸ்பிரிட் பஞ்சு

பஸ் டிப்போவில் அவளுக்கு ஊதக்கா என்று பெயர். டிரைவர்கள் வண்டி எடுக்குமுன், குடித்திருக்கிறார்களா என்று காட்டும் கருவியில் ஊதிக் காட்ட வேண்டும் என்று சட்டம் வந்த நாளிலிருந்து, ஊதச் சொல்வதுதான் அவள் வேலை. பச்சை எரிந்தால் சாவி, சிவப்பு எரிந்தால் வீடு. இரண்டாம் முறையும் சிவப்பென்றால் லைசென்ஸே போச்சு.

எதையும் துருவாமல் விடுகிற ஜென்மமில்லை அவள். நேற்று விருந்துக்குப் போனவர் யார், இன்று பல் விளக்காதவர் யார் என்று மூச்சிலேயே பிடித்துவிடுவாள். அப்படிப்பட்டவளுக்கே சாமியார் விஷயம் பிடிபடவில்லை. டீகூடத் தொடாத டிரைவர் என்பதால் அந்தப் பட்டப்பெயர். போன மாதம் அவருக்குச் சிவப்பு எரிந்தது. இன்று காலை மறுபடியும். சரியான அமுக்குணி என்று வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள்.

"நான் குடிக்கலம்மா" என்றார் சாமியார், அவ்வளவுதான். மேனேஜர் ரிப்போர்ட் எழுத உட்கார்ந்துவிட்டார்.

ஊதக்காவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. வாடையே இல்லையே, எப்படி? போன மாதம் அன்றைக்கு என்ன நடந்தது என்று யோசித்தாள். இரண்டு நாளும் அவள் தாமதமாக வந்திருந்தாள். இரண்டு நாளும் அவர்தான் முதல் ஆள். வழக்கமாகக் காலையில் வந்ததும் ஊதுகுழாய்களை ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் துடைத்து, அரை மணி நேரம் காயவிட்ட பிறகே நீட்டுவாள். அந்த இரண்டு நாளும் துடைத்த கையோடு நீட்டிவிட்டாள். சட்டம் கருவியை நம்பியது, அதைத் துடைக்கிறவளைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. பஞ்சால் துடைத்துத் தானே ஊதிப் பார்த்தாள். சிவப்பு. கருவிக்கு ஸ்பிரிட்டும் சாராயம்தான்.

மேனேஜர் முன்னால் போய் நின்று, இன்னொரு முறை துடைத்து நீட்டினாள். "நீங்க ஊதுங்க சார்."

"எனக்கெதுக்கும்மா?"

"ஊதுங்க சார், சொல்றேன்."

சிவப்பு எரிந்ததும் அவர் முதலில் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். விளக்கத்தைக் கேட்டபின் ரிப்போர்ட்டைக் கிழித்தார்.

குழாய் காய்ந்ததும் சாமியாரை மறுபடி ஊதச் சொன்னாள். பச்சை.

"தப்பு என்னோடதுண்ணே" என்றாள். "போன மாசத்துக்கும் சேத்து எழுதிக் குடுத்துடறேன். லைசென்ஸுக்கு ஒண்ணும் ஆகாது."

அவர் சாவியை வாங்கக் கை நீட்டவில்லை.

"எழுதிக் குடும்மா. ஆனா என் மக ஒரு மாசமா எங்கூடப் பேசல. நான் சொன்னா நம்ப மாட்டா. நீ வீட்டுக்கு வந்து அவகிட்ட ஒரு தடவை சொல்றியா?"