வாய்க்காரர் மீனைச் சொல்லாத நாட்கள்

அந்தத் தெருவுக்குள் பசியோடு நுழைந்தவன் பசியோடு வெளியேற முடியாது. இரண்டு பக்கமும் சாப்பாட்டுக் கடைகள், நடுநடுவே டீக்கடை, ஜூஸ் கடை, தெருக்கோடியில் குடிக்கிறவர்களுக்கென்று ஒரு கூடம். கடைக்கு ஒருவர் வாசலில் நின்று கூவுவார். சட்டையைப் பிடித்து இழுக்காத குறைதான். அவர்களில் மூத்தவருக்குத் தெரு வைத்த பெயர் வாய்க்காரர். வீட்டில் மனைவியும் அப்படித்தான் சொல்வாள், கொஞ்சம் குத்தலாக.

"வாங்க, வாங்க! சூடா ரொட்டி, பஞ்சு மாதிரி கறி, இப்பதான் பொரிச்ச மீன்! உக்காந்தீங்கன்னா எந்திரிக்க மனசு வராது!"

அடிவயிற்றிலிருந்து வருகிற குரல். எதிர்க் கடைக்குப் போக நினைத்த கால்கள் தானாகத் திரும்பும்.

அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. கடைக்கு வந்ததும் முதல் வேலையாகச் சமையலறைக்குள் போய் மீன் கூடையை மோந்து பார்ப்பார். நல்ல மீனாக இருந்தால் கூவும்போது மீனைச் சொல்வார். முந்தின நாள் மீன் என்றால் அந்த ஒரு வார்த்தையை விழுங்கிவிட்டு ரொட்டியோடும் கறியோடும் நிறுத்திக்கொள்வார். முதலாளியைக் காட்டிக்கொடுத்த மாதிரியும் இல்லை, சாப்பிட வருகிறவன் வயிற்றில் அடித்த மாதிரியும் இல்லை. பழகினவர்களுக்கு இது தெரியும். கல்லாவை விட்டு அசையாத முதலாளிக்குத்தான் தெரியாது. வாழ்க்கையில் பெரிதாக எதையும் சாதிக்காத அந்த மனிதருக்கு, தன் வாயை நம்பி நாலு பேர் சாப்பிடுகிறார்கள் என்பதுதான் ஒரே பெருமை.

அப்படி நம்பினவர்களில் முதல் ஆள் பக்கத்துச் சந்தில் இருந்த தையல்காரர். வாரம் தவறாமல் மனைவியோடு வருவார். வாசலில் நின்று ஒரு முறை முழுசாகக் கூவக் கேட்டுவிட்டுத்தான் உள்ளே போவார்கள். கல்யாணமாகிப் பல வருஷம் கழித்து அந்தப் பெண் உண்டாகியிருந்தாள். கோயில், ஆஸ்பத்திரி என்று ஏறாத படியில்லை. வாய்க்காரரிடம் அதைச் சொன்னபோது தையல்காரருக்கு வெட்கம் தாங்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் முதலாளிக்குத் திடீரென்று பாசம் பொங்கியது.

"அண்ணே, தொண்டை என்னமா கட்டியிருக்கு உங்களுக்கு! பாக்கவே கஷ்டமா இருக்கு. ஒரே ஒரு தடவ இந்த போன்ல நல்லா கூவிக் குடுங்க. ஸ்பீக்கர்ல போட்டுக்கலாம். நீங்க அப்பப்ப ஓய்வா இருக்கலாம்ல?"

வாய்க்காரருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அன்றைக்கு வந்திருந்த மீன் துள்ளாத குறை. மோந்து பார்த்திருந்ததால் மனசாரக் கூவினார். மீனை இரண்டு தடவை சொன்னார். பொய் ஒன்றும் இல்லை.

மறுநாள் ஸ்பீக்கர் ஏறியது. சாயங்காலம் முதலாளி தோளில் கை போட்டு, "நாளையிலேருந்து வீட்ல ரெஸ்ட் எடுங்கண்ணே," என்றான்.

"எத்தன நாளைக்கு?"

"ரெஸ்டுக்கு யாராவது கணக்கு பாப்பாங்களாண்ணே?"

கறிவேப்பிலையாகத் தூக்கி எறிந்துவிட்டான் என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. ரோஷம் வந்து அந்தத் தெருப்பக்கமே போகவில்லை. மனைவி மட்டும் சாமான் வாங்க அந்தத் தெரு வழியாகப் போய்வரும்போதெல்லாம், "நீங்க இங்க மல்லாந்து கெடக்கீங்க, உங்க வாய் அங்க ஒழைக்குது," என்பாள். மீனைப் பற்றி அவருக்கு ஒரு கணம்கூட நினைப்பு வரவில்லை. அந்த வார்த்தையை நாள் பார்த்து விழுங்க அங்கே ஆளில்லை என்பது, ஊரிலேயே அவர் ஒருவருக்குத்தான் தெரிந்திருக்க முடியும். அவருக்கே தோன்றவில்லை.

பிறகு ஒருநாள் மனைவி கூடையைக்கூட இறக்காமல் வந்து சொன்னாள். "தையல்காரர் பொண்டாட்டி ஆஸ்பத்திரியில கெடக்காளாம். மீன் சாப்பிட்டு வாந்தியும் பேதியுமாம். வயித்துல இருந்தது போயிடுச்சாம்."

வாய்க்காரர் போட்ட சட்டையோடு ஓடினார். ஆஸ்பத்திரி வராண்டாவில் தையல்காரர் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

"தம்பி, அது நான் இல்லப்பா. மெஷின். நான் கடைய விட்டே போயிட்டேன்."

தையல்காரர் கத்தவில்லை. "மசக்கையில மீன் வேணும்னு கேட்டா அண்ணே. வாசல்ல நின்னு கேட்டோம். நீங்க சொன்னீங்க. ஆளைக் காணோம், உள்ள உக்காந்து மைக்ல பேசுறீங்கன்னு நெனச்சோம். எனக்குக் கொஞ்சம் யோசனைதான். அவதான் சொன்னா, அண்ணன் சொன்னா சரியாத்தான் இருக்கும்னு."

வாய்க்காரர் அவர் காலைத் தொடக் குனிந்தார். தையல்காரர் காலை இழுத்துக்கொண்டார்.

அங்கிருந்து நேராகக் கடைக்குப் போனார். சாயங்கால நெரிசல். ஸ்பீக்கரில் அவர் குரல் மீனைப் புகழ்ந்துகொண்டிருந்தது. அதற்குக் கீழே நின்று, அடிவயிற்றிலிருந்து கத்தினார்.

"மீனத் தின்னாதீங்க! அழுகல் மீன்! ஒரு குடும்பமே நாசமாப் போச்சு! அது சொல்றத நம்பாதீங்க!"

மேலே அதே குரல், "வாங்க, வாங்க!" என்றது. கீழே, "போங்க, போங்க!" என்றது. ஒரு பெண் களுக்கென்று சிரித்தாள். யாரோ கைதட்டினார்கள். ஒருவன் போனை நீட்டிப் படம் பிடித்தான். அவர் அழ அழக் கூட்டம் சேர்ந்தது. "என்னமா நடிக்கிறாரு பாரு!" என்றார்கள். எதிர்க் கடையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள்கூட எழுந்து வந்தார்கள். நின்று பார்த்தவர்களுக்குப் பசித்தது, உள்ளே போனார்கள். அப்படி என்ன மீன் என்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். கடை திறந்த நாளிலிருந்து மீன் அந்த அளவுக்கு விற்றதில்லை.

குரல் கம்மி அவர் வாசற்படியில் சரிந்தபோது, முதலாளியே தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். அடிக்கப்போகிறான் என்று நினைத்தார்.

"அண்ணே, பின்னிட்டீங்க! இவ்வளவு நாள் இத உள்ள வச்சுக்கிட்டா இருந்தீங்க? பழைய சம்பளத்துக்கு மேலயே தர்றேன். தினம் இதே மாதிரி வந்து திட்டுங்க. அந்த அழுகையும் வேணும், விட்றாதீங்க."

அவன் முகத்தில் துப்பத்தான் வாயில் எச்சிலைக் கூட்டினார். வீட்டில் அடுப்பு ஒழுங்காக எரிந்து பல நாள் ஆகியிருந்தது. எச்சிலை விழுங்கினார்.

"எத்தன மணிக்கு வரணும்?" என்று கேட்டார்.